ஆப்பிள் கூடையில் விழுந்தும் ஸ்கோர் ஏறவில்லையா? விளையாட்டு வழியாகக் கணினிச் சிந்தனை கற்பிக்கும் வகுப்புக்கான பிழை நீக்கும் வழிமுறை

விளையாட்டு செய்ய வைத்து, அதன் வழியாகக் கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என்கிற கணினிச் சிந்தனையை, அதாவது ஒரு வேலையைக் கணினி செய்யக்கூடிய சிறு படிகளாகப் பிரித்துச் சிந்திப்பதைச் சொல்லித்தரும் வகுப்பில், பாதி நேரம் "ஓடல மிஸ்", "வரல சார்" என்று கூப்பிடும் மேசைகளுக்குப் போய் வருவதிலேயே கழியும். அந்த நேரம் வீணில்லை. புதிதாகக் கற்பவரின் பிழைகள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால், கணினி எப்படி வேலை செய்கிறது என்பது பற்றிய ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பிளாக்கை (நிரலின் ஒரு கட்டளைத் துண்டை) மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் அந்த எண்ணம் அப்படியே இருக்கும், அடுத்த விளையாட்டில் வேறு இடத்தில் தலைகாட்டும். அதனால் கீழே ஸ்கிரிப்டில், அதாவது பிளாக்குகளை அடுக்கிய நிரலில் உள்ள காரணத்தோடு மாணவர் மனதில் உள்ள காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் ஒரே விளையாட்டுதான் எடுத்துக்காட்டு: பிளாக்குகளை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் 3இல் செய்த ஆப்பிள் பிடிக்கும் ஆட்டம். மேடை 480 அகலம், 360 உயரம். நடுவில் எக்ஸ் 0, ஒய் 0. எக்ஸ் -240 முதல் 240 வரை, ஒய் -180 முதல் 180 வரை. 50 உயரமுள்ள கூடை ஒய் -130இல் நின்று இடமும் வலமும் நகர்கிறது. அதே 50 உயரமுள்ள ஆப்பிள் ஒய் 170இல் தொடங்கி, சுற்றுக்கு 5 புள்ளி வீதம் இறங்குகிறது. பிடித்தால் ஸ்கோர் 1 ஏறும். தவறவிட்டால் 3 உயிரில் ஒன்று போகும். ஸ்கிராட்ச் நொடிக்குச் சுமார் 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு சுற்று என்பதை நினைவில் வையுங்கள். பல பிழைகளின் கணக்கு இந்த 30இல்தான் இருக்கிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இவை

மவுஸ் மாணவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாங்கிச் சரிசெய்தால் 20 நொடியில் முடியும், ஆனால் அவர் பார்த்தது உங்கள் கை நகர்ந்ததை மட்டும்தான்.

"ஓடல" என்பதை அறிகுறியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடக்கணும்னு நினைச்சே? இப்போ என்ன நடக்குது? கடைசியா எதை மாற்றினே? இந்த மூன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லும்போதே கணிசமானவர்கள் தாங்களாகவே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, ஸ்கிரிப்ட் எந்த ஸ்ப்ரைட்டில் (கூடை, ஆப்பிள் போன்ற மேடைப் பாத்திரத்தில்) இருக்கிறது என்று பாருங்கள். கூடைக்கு எழுத வேண்டியதை ஆப்பிளில் எழுதிவிட்டு அரைமணி நேரம் தேடுவது மிகச் சாதாரணம். பிறகு சந்தேகமான நிபந்தனை பிளாக்கை மட்டும் தனியாகக் கிளிக் செய்யச் சொல்லுங்கள். தொடுகிறதா என்று பார்க்கும் ‘டச்சிங்’ பிளாக்கைக் கிளிக் செய்தால் அந்த நொடியில் அதன் விடை உண்மையா பொய்யா என்று ஒரு குமிழியில் காட்டும். ஆப்பிளைக் கையால் இழுத்துக் கூடை மேல் வைத்துக் கிளிக் செய்து, நகர்த்தி வைத்து மறுபடி கிளிக் செய்தால் நிபந்தனை சரியா என்பது தெரிந்துவிடும். இதைக் கற்ற மாணவர் உங்களைக் கூப்பிடுவது கணிசமாகக் குறையும்.

அறிகுறி: ஆப்பிள் கூடையைத் தொடுகிறது, ஸ்கோர் ஏறவே இல்லை

முதல் சில வாரங்களில் எல்லா வகுப்பிலும் வரும் பிழை இது. ஸ்கிரிப்டைப் பார்த்தால், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக்கொடி பிளாக்குக்குக் கீழே நேராக ‘இஃப்’ (இப்படி இருந்தால் இதைச் செய்) நிற்கும். அதைச் சுற்றி, உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘ஃபாரெவர்’ இருக்காது. கொடியை அழுத்திய கணத்தில் ஸ்கிராட்ச் ஒரே ஒருமுறை பார்க்கிறது. அப்போது ஆப்பிள் மேலே இருக்கிறது, விடை பொய். ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. ஆப்பிள் கீழே வந்து சேரும் நேரத்தில் கவனிக்க ஆளே இல்லை.

மாணவர் என்ன நினைத்தார்? 1986இல் ராய் பீ என்ற ஆய்வாளர், எந்த நிரல்மொழியில் கற்றாலும் தொடக்கநிலையினருக்கு வரும் தவறான எண்ணங்களை வகைப்படுத்தி எழுதினார். அவற்றில் ஒன்று இதுவேதான்: ‘இஃப்’ ஓரமாக நின்று காவல் காத்துக்கொண்டே இருக்கும், நிபந்தனை எப்போது உண்மையானாலும் உடனே வேலையைச் செய்யும் என்ற எண்ணம். நாம் பேசும் மொழியில் அப்படித்தான் பொருள். "மழை வந்தா துணியை எடு" என்று சொன்னால், சொன்ன நொடியில் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு யாரும் போய்விடுவதில்லை. மாணவர் மொழியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். கணினிதான் அப்படி நடப்பதில்லை.

"ஃபாரெவர் போடு" என்று சொன்னால் போட்டுவிடுவார், ஏனென்று தெரியாது. அதற்குப் பதில் வகுப்பிலேயே நடித்துக் காட்டுங்கள். ஒரு மாணவர் ஆப்பிள், ஒருவர் கூடை, ஒருவர் ‘இஃப்’. ‘இஃப்’ ஆக இருப்பவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நீங்கள் "பார்" என்று சொன்னால் மட்டும் திரும்பி, தொடுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி திரும்பிக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் ஒரே ஒரு "பார்", அதுவும் ஆப்பிள் தூரத்தில் இருக்கும்போது. ஆப்பிள் நடந்துவந்து கூடையைத் தொடும், ‘இஃப்’ அசையாது. வகுப்பே கத்தும். இரண்டாம் சுற்றில் ஆப்பிள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் "பார்" சொல்லுங்கள். அந்த விடாத "பார்"தான் ‘ஃபாரெவர்’. ஐந்து நிமிடம் போதும்.

‘ஃபாரெவர்’ சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் இன்னும் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, ஆப்பிள் ‘கிளைடு’ பிளாக்கால் இறங்குகிறதா? ‘கிளைடு’ முடியும்வரை அந்த ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். கீழே உள்ள ‘இஃப்’ ஆப்பிள் தரைக்குப் போன பிறகுதான் பார்க்கும். ‘கிளைடு’க்குப் பதில் ‘சேஞ்ச் ஒய் பை -5’. இரண்டு, ‘டச்சிங்’ பட்டியலில் தேர்ந்தெடுத்தது சரியான ஸ்ப்ரைட்டா? மூன்று, ‘ஹைட்’ செய்த ஸ்ப்ரைட்டை இன்னொன்று தொட்டதாக ஸ்கிராட்ச் கணக்கில் எடுக்காது. கண்ணுக்குத் தெரியாத பொறி வேண்டுமென்றால் மறைக்காமல், படத்தை மங்கவைக்கும் கோஸ்ட் எஃபெக்டை 100 ஆக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒரு ஆப்பிளுக்கு ஸ்கோர் 20 ஏறுகிறது

மேலே உள்ளதைச் சரிசெய்ததுமே இது வரும். இது வளர்ச்சி, அதைச் சொல்லுங்கள்.

20 எங்கிருந்து வந்தது என்று மாணவரையே கணக்குப் போட வையுங்கள். ஆப்பிள் 50 உயரம், கூடை 50 உயரம். முதல் உரசலிலிருந்து முழுதாகக் கடந்து போகும்வரை 100 புள்ளி. சுற்றுக்கு 5 வீதம் 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ‘இஃப்’ உண்மை என்று சொல்லி 1 சேர்க்கிறது. நமக்கு அது ஒரு சம்பவம், "பிடித்தாயிற்று". ஸ்கிராட்சுக்கு அது ஒரு நிலை, "இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறது", முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாக நீடிக்கும் நிலை. ஆப்பிளும் கூடையும் வளைவான படங்கள் என்பதால் எண் துல்லியமாக 20 வராமல் ஒன்றிரண்டு மாறும். அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கும் மருந்து ‘வெயிட் 1 செகண்ட்’. ஆப்பிளை இறக்கும் அதே ‘ஃபாரெவர்’ உள்ளே போட்டால் ஸ்கோர் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஆப்பிள் ஒவ்வொரு சுற்றிலும் கூடையிலேயே ஒரு நொடி உறைந்து நிற்கும். உடனே தடுக்காதீர்கள். இரண்டு ஆப்பிள் வைத்து ஆடச் சொல்லுங்கள், கோளாறை அவர்களே பார்ப்பார்கள்.

சரியான திருத்தம்: ‘சேஞ்ச் ஸ்கோர் பை 1’க்கு அடுத்தே ஆப்பிளை ஒய் 170க்கு அனுப்பி, எக்ஸை -220 முதல் 220 வரை ரேண்டமாக வைப்பது. தொடும் நிலை அப்போதே முடிந்துவிடும். இடம் மாறாத எதிரி, முள் போன்றவற்றுக்கு இது ஒத்துவராது. உயிரைக் குறைத்ததும் ‘வெயிட் அன்டில்’ போட்டு உள்ளே ‘நாட் டச்சிங்’ வைக்க வேண்டும். விலகும்வரை அடுத்த அடி கணக்கில் வராது.

அறிகுறி: நேற்று ஓடியது, வேகத்தைக் கூட்டியதும் ஆப்பிள் தரையில் ஒட்டிக்கொள்கிறது

பாடமாக்கிக்கொள்ள இதைவிட நல்ல பிழை கிடைக்காது. மாணவர் எழுதியது: ஒய் = -180 என்றால் மேலே போ. வேகம் 5ஆக இருந்தவரை எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாம் கட்டத்துக்காக 8 ஆக்கினார், ஆப்பிள் கீழே போய் நின்றுவிட்டது. "நான் வேகத்தை மட்டும்தான் மாற்றினேன்" என்பார். உண்மைதான்.

நோட்டில் எழுத வையுங்கள். 170இலிருந்து -180க்கு 350 புள்ளி. 350ஐ 5ஆல் வகுத்தால் 70, மீதி இல்லை. எழுபதாவது சுற்றில் ஆப்பிள் சரியாக -180இல் நிற்கும். 350ஐ 8ஆல் வகுத்தால் மீதி வரும். 43 சுற்றில் -174, அடுத்தது -182. -180 என்ற படியில் ஆப்பிள் கால் வைக்கவே இல்லை. முன்பு ஓடியது தற்செயல். மாணவர் மனதில் ஆப்பிள் வழுக்கிக்கொண்டு எல்லாப் புள்ளியையும் தொட்டுப் போகிறது. கணினியில் அது படிப்படியாகக் குதிக்கிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் வேறு பல பிழைகளும் விளங்கிவிடும்.

திருத்தம்: சமக்குறியை எடுத்துவிட்டு ஒய் < -175. சிலர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று < -200 போடுவார்கள், அதுவும் வேலை செய்யாது. ஸ்ப்ரைட் முழுதாகத் திரைக்கு வெளியே போக ஸ்கிராட்ச் விடாது. ஓர் ஓரத்தை உள்ளே பிடித்துவைக்கும். 50 உயர ஆப்பிள் ஏறத்தாழ -190இல் நின்றுவிடும், -200 வரவே வராது. ஸ்ப்ரைட்டின் ஒய் மதிப்பை மேடையில் காட்டும்படி அதன் பெட்டியை டிக் செய்து வைத்தால் இவ்வளவையும் கண்ணால் பார்க்கலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று: தோட்டா சுவரைத் துளைத்துக்கொண்டு போவது. சுவர் 10 தடிமன், தோட்டா சுற்றுக்கு 30 குதிக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் அடுத்த சுற்று. வேகத்தைக் குறைக்கலாம், சுவரைத் தடிமனாக்கலாம். அல்லது ‘ரன் விதவுட் ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ்’ (திரை புதுப்பிக்கக் காத்திராமல் ஓடு) டிக் செய்த சொந்த பிளாக்குக்குள் 5 புள்ளி வீதம் ஆறுமுறை நகர்த்தி ஒவ்வொரு முறையும் தொடுகிறதா என்று பார்க்கலாம். மூன்றையும் சொல்லி மாணவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

அறிகுறி: இரண்டாவது முறை கொடியை அழுத்தினால் ஆட்டம் தொடங்கியதுமே முடிந்துவிடுகிறது, அல்லது பழைய ஸ்கோரே நிற்கிறது

கொடியை அழுத்தினால் எல்லாம் புதிதாகும் என்று மாணவர் நினைக்கிறார். அப்படி நினைக்க ஒரு காரணமும் உண்டு: நிறம், கோஸ்ட் போன்ற கிராஃபிக் எஃபெக்டுகளைக் கொடி தானாகவே நீக்கிவிடுகிறது. ஆனால் ஸ்கோர், உயிர் போன்ற மாறிகள், ஸ்ப்ரைட்டின் இடம், அளவு, காஸ்ட்யூம் (அதன் தோற்றப் படம்), பின்னணி, மறைந்திருக்கிறதா தெரிகிறதா, எதற்கு முன்னால் எது நிற்கிறது, இவை எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும். இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

எல்லாவற்றையும் மீட்டமைத்த பிறகும் தொடங்கியதுமே முடிகிறது என்றால் வரிசைதான் பிரச்சினை. ஒரு ஸ்ப்ரைட்டில் கொடிக்குக் கீழே "உயிர் < 1 என்றால் ஸ்டாப் ஆல்" ஓடுகிறது, இன்னொன்றில் அதே கொடிக்குக் கீழே உயிரை 3 ஆக்குகிறார்கள். போன ஆட்டத்தில் உயிர் 0. பார்க்கும் ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கொடி பிளாக் எங்கெங்கோ சிதறிக் கிடந்தால் எது முந்தும் என்பதை நம்பி எழுத முடியாது.

மேடையில் மட்டும் கொடி பிளாக் இருக்கட்டும். அதன் கீழே ஸ்கோர் 0, உயிர் 3, பின்னணி. கடைசியில், எல்லா ஸ்ப்ரைட்டுக்கும் செய்தி அனுப்பும் ‘புராட்காஸ்ட் ஆரம்பம்’. மற்ற ஸ்ப்ரைட்டுகள் எல்லாம் ‘வென் ஐ ரிசீவ் ஆரம்பம்’ என்று தொடங்கட்டும். இந்த அமைப்பை மூன்றாவது வகுப்பிலேயே பழக்கிவிடுவது நல்லது. பின்னால் தொடக்கத் திரை, அடுத்த கட்டம் எல்லாம் சேர்க்கும்போது எதையும் பிரித்துப்போட வேண்டியிருக்காது.

அறிகுறி: ஆப்பிள்கள் வெடித்துப் பெருகி, கணினி திணறி, பிறகு புதிய ஆப்பிள் வருவதே நின்றுவிடுகிறது

ஆப்பிள் ஸ்ப்ரைட்டில் "செய்தி வந்தால் என்னைக் குளோன் செய்", அதாவது என்னைப் போல் இன்னொரு பிரதி உருவாக்கு என்று இருக்கும். செய்தி அசலுக்கு மட்டும் போவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குளோன்களுக்கும் போகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எட்டாவது செய்தியில் மொத்தம் 256. ஒன்பதாவதில் ஸ்கிராட்சின் உச்சவரம்பான 300 குளோனை முட்டிவிடும், அதன்பின் புதிதாக எதுவும் பிறக்காது. நொடிக்கு ஒரு செய்தி என்றால் ஒன்பது நொடி. 1, 2, 4, 8 என்று கரும்பலகையில் எழுதி, 300ஐ எப்போது தாண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலோர் "ரொம்ப நேரமாகும்" என்பார்கள்.

குளோன் செய்யும் வேலையை மேடைக்குக் கொடுங்கள். ‘ஃபாரெவர்’, உள்ளே ஆப்பிளைக் குளோன் செய், 1 நொடி காத்திரு. அசல் ஆப்பிள் மறைந்திருக்கட்டும். மறைந்த ஸ்ப்ரைட்டின் குளோனும் மறைந்தே பிறக்கும், அதனால் ‘வென் ஐ ஸ்டார்ட் அஸ் எ குளோன்’ கீழே முதல் பிளாக் ‘ஷோ’. பிடித்தாலும் தவறினாலும் கடைசி பிளாக் ‘டெலீட் திஸ் குளோன்’.

எல்லா ஆப்பிளும் ஒரே நேரத்தில் வேகம் மாறினால், ‘வேகம்’ என்ற மாறி எல்லா ஸ்ப்ரைட்டுக்கும் பொதுவாக உருவாக்கப்பட்டிருக்கிறது. அதை அழித்து, ‘ஃபார் திஸ் ஸ்ப்ரைட் ஒன்லி’ என்று தேர்ந்தெடுத்து மறுபடி உருவாக்கினால் ஒவ்வொரு குளோனுக்கும் தனித்தனிப் பிரதி கிடைக்கும். வகுப்பறைக் கரும்பலகைக்கும் அவரவர் நோட்டுக்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

சின்னச் சின்னவை

கூடை முதலில் ஒருமுறை நகர்ந்து, தயங்கி, பிறகு ஓடுகிறது: ‘வென் கீ பிரஸ்ட்’ பயன்படுத்தியிருக்கிறார். தட்டச்சு செய்யும்போது ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும் அதே தயக்கம் இது. ‘ஃபாரெவர்’ உள்ளே ‘இஃப் கீ பிரஸ்ட்’ போட்டால் வழுவழுவென்று ஓடும்.

"ஆட்டம் முடிந்தது" என்ற சொற்கள் தெரிவதே இல்லை: ‘ஸ்டாப் ஆல்’ பேச்சுக் குமிழியை அழித்துவிடும், குளோன்களையும் நீக்கிவிடும். சொற்களைப் பின்னணிப் படத்திலேயே எழுதி, பின்னணியை மாற்றிவிட்டு அதன்பின் நிறுத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி: இரண்டு வகுப்பு முடிந்தும் ஓடும் விளையாட்டு எதுவும் இல்லை

இங்கே பிழை ஸ்கிரிப்டில் இல்லை. ஒரு வகையினர் ஆப்பிளுக்கு நிழல் போட்டு, கூடைக்குப் பின்னல் வரைந்துகொண்டே இருப்பார்கள். ஓவியத்தைக் கண்டிக்காதீர்கள், வரிசையை மாற்றுங்கள்: முதல் 30 நிமிடம் எல்லா ஸ்ப்ரைட்டும் ஒற்றை நிறச் சதுரமோ வட்டமோதான். சதுரங்களை வைத்து ஆட்டம் ஓடிய பிறகு காஸ்ட்யூமை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஸ்கிரிப்ட் அப்படியே இருக்கும். தோற்றத்தையும் நடத்தையையும் பிரித்துப் பார்ப்பதுகூடக் கணினிச் சிந்தனைதான்.

இன்னொரு வகையினருக்கு எண்ணம் பெரிது: பத்து உலகம், ஆயுதக் கடை, நான்கு பேர் ஆன்லைனில். அவர்களிடம் ஒரு வரியை நிரப்பச் சொல்லுங்கள்: "ஆட்டக்காரர் ___ செய்து, ___ஐத் தவிர்த்து, ___ஐச் சேர்க்கிறார்." அந்த வரியில் உள்ளது மட்டும் முதல் பதிப்பு. மீதி எல்லாவற்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், எதையும் கிழிக்க வேண்டாம். பிறகு அந்த ஒரு வரியை வினைகளாகப் பிரிக்க வேண்டும்: நகர்கிறது, விழுகிறது, தொடுகிறது, எண்ணுகிறது, முடிகிறது. ஒவ்வொரு வினைக்கும் ஒரு ஸ்கிரிப்ட், ஒன்று ஓடிய பிறகுதான் அடுத்தது. ஐந்து வினைக்கு மேல் வந்தால் வரி இன்னும் நீளம் என்று பொருள்.

அறிகுறி: விளையாட்டு நன்றாக ஓடுகிறது, ஆனால் செய்தவருக்கு விளக்கத் தெரியவில்லை

மதிப்பெண் போடும்போது நழுவிப்போகும் அறிகுறி இது. வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி இழுத்து வைத்திருக்கலாம், அல்லது ஓடும்வரை பிளாக்குகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கலாம். கண்டுபிடிக்க "இது என்ன செய்யுது?" என்று கேட்காதீர்கள், பிளாக்கில் எழுதியிருப்பதை வாசித்துவிடுவார். மாற்றத்தைக் கேளுங்கள்: "இந்த -5ஐ -10 ஆக்கினா எதெல்லாம் மாறும்?" ஆப்பிள் வேகமாக விழும் என்பது எல்லோரும் சொல்வது. தொட்டுக்கொண்டிருக்கும் சுற்றுகள் 20இலிருந்து 10ஆகும் என்றும் சொல்பவருக்குப் புரிந்திருக்கிறது.

சொல்லத் தெரியாதவருக்குப் புதிய பாடம் வேண்டாம், வேலையின் வரிசை மாற வேண்டும். பிரிம் என்று அழைக்கப்படும் ஐந்து படிகளில் முதல் படி, ஓட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதுவது. பிறகுதான் ஓட்டுவது, ஆராய்வது, மாற்றுவது, கடைசியாகச் சொந்தமாகச் செய்வது. நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: ஆப்பிள் விளையாட்டின் சரியான பிரதியில் மேலே சொன்ன பிழைகளில் மூன்றை நீங்களே விதைத்துக் கொடுங்கள். ‘ஃபாரெவர்’ இல்லாத ‘இஃப்’ ஒன்று, ஒய் = -180 ஒன்று, மீட்டமைக்காத உயிர் ஒன்று. பிழைக்குப் பத்து நிமிடம். இருவர் இருவராக உட்கார்ந்து, எந்த பிளாக்கையும் தொடுவதற்கு முன் தாளில் மூன்று வரி எழுத வேண்டும்: திரையில் என்ன தெரிகிறது, எதனால் என்று நினைக்கிறோம், அதை எப்படிச் சோதிப்போம். ஊகம் தவறினால் அதைக் கோடு போட்டு அழிக்காமல் கீழே அடுத்த ஊகத்தை எழுதட்டும். திருத்திய விளையாட்டை வாங்கிக்கொள்ளத் தேவையில்லை, அந்தத் தாளை வாங்குங்கள். அடுத்த வகுப்பில் எந்த மேசையில் முதலில் போய் நிற்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.